பட்டியலிலிருந்து நீ நீக்கிய புயல்

அன்புள்ள மகளுக்கு,

மாநாட்டுக்கு நீ அனுப்பவிருக்கும் கட்டுரையை உன் பேராசிரியர் என்னிடம் கொடுத்தார். இரண்டு நாள் மேசையில் கிடந்தது. மூன்றாம் நாள் இரவு ஒரே மூச்சில் படித்து முடித்தேன். சூரியக் காற்றின் காந்தப்புலம் தெற்கே திரும்பினால் என்ன நடக்கும், வளைய மின்னோட்டம் எப்படி வலுக்கும் என்றெல்லாம் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதனால் நேரே என் கோபத்துக்கு வருகிறேன்.

ஏழாம் பக்கத்தின் அடிக்குறிப்பில், பொடி எழுத்தில், ஒரு வரி இருக்கிறது. 41ஆம் எண் காந்தப் புயலின் முதன்மைக் கட்டத்தில், துருவ ஒளிப் பகுதியில் திடீரென வெடிக்கும் துணைப்புயல் எதுவும் தென்படாததால் அதை ஆய்விலிருந்து நீக்கிவிட்டதாகச் சொல்கிறாய். மீதி 61 புயல்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிச் சராசரி எடுத்தாய். வழவழப்பான ஒரு கோடு கிடைத்தது. அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டே முடிவுரைக்குப் போய்விட்டாய்.

ஏனம்மா நீக்கினாய்? புயல் உருவாகத் துணைப்புயல் தேவையா என்பதுதானே உன் கேள்வி? தேவையில்லை என்று சொல்லக்கூடிய ஒரே சாட்சி கூண்டில் ஏறி நின்றபோது, அதன் வாயை நீயே பொத்தி வெளியே அனுப்பிவிட்டாய். அந்த வரியைப் படித்த பிறகு அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இதற்குக் காரணம் உன் முன்னுரையிலேயே இருக்கிறது. துணைப்புயல்கள் என்னும் செங்கற்களால் கட்டப்பட்டதே காந்தப் புயல் என்று எழுதியிருக்கிறாய். படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது 1960களின் நம்பிக்கை. சிட்னி சாப்மனும் அகசோபுவும் துணைப்புயல் என்னும் பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த காலத்தில் அப்படி நினைக்க நியாயம் இருந்தது. 1996இல் இயெமோரியும் டி.ஆர்.கே. ராவும் எழுதிய கட்டுரையை உன் மேற்கோள் பட்டியலில் தேடினேன், காணோம். ராவ் நம் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர். துணைப்புயல் வெடித்த பிறகு, புயல் வலுக்க வலுக்க இறங்கும் டிஎஸ்டி குறியீடு மேலும் கீழே இறங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவர்கள் கண்டது வேறு: வெடித்த கையோடு அது மேலே ஏறத் தொடங்கியது. செங்கல் வைத்தால் சுவர் உயர வேண்டும், இங்கே சுவர் தணிகிறது. அதை மறுப்பதானால் மறு, ஆனால் படித்துவிட்டு மறு.

இன்னொன்று. கட்டுரை முழுக்கப் புயலின் வலிமையை மணிக்கொரு டிஎஸ்டி எண்ணாலேயே அளக்கிறாய். 1989 மார்ச் 13 அன்று கனடாவின் கியூபெக் மாகாணம் இருளில் மூழ்கியதே, அதை இந்த அளவுகோலை வைத்து விளக்கிப் பார். நம் நேரப்படி பிற்பகல் 1.14. சுமார் ஒன்றரை நிமிடத்தில் மின்வலை சரிந்தது. 60 லட்சம் பேருக்கு ஒன்பது மணி நேரம் மின்சாரம் இல்லை. டிஎஸ்டி தன் அடிமட்டமான –589 நானோடெஸ்லாவைத் தொட்டது அதற்கு ஏறத்தாழ 18 மணி நேரம் கழித்து! மின்வலையைச் சாய்த்தது அந்த நிமிடத்தில் வட அமெரிக்காவின் தலைக்கு மேல் வெடித்த துணைப்புயல். உன் சராசரிக் கோட்டில் அந்த நிமிடத்துக்கு இடமே கிடையாது.

அந்த நாளை நான் மறக்க முடியாது. ஒரு காந்தக் கூடத்தில் பதிவுத் தாள்களைக் கழுவும் வேலை அப்போது என்னுடையது. சாவி, கைக்கடிகாரம், பெல்ட் என்று இரும்பு இருக்கக்கூடிய எல்லாவற்றையும் வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். உருளையில் சுற்றிய ஒளிப்படத் தாளில் ஒரு ஒளிப்புள்ளி நாள் முழுக்கக் கோடு இழுத்துக்கொண்டிருக்கும். மார்ச் 14 அன்று கழற்றிய தாளைச் சிவப்பு விளக்கின் கீழ் திரவத்தில் அமிழ்த்தினேன். கிடைப்புலக் கோடு வழக்கம்போல மெல்லத் தெரிய ஆரம்பித்தது. பிறகு கீழே இறங்கியது, இறங்கியது, தாளின் விளிம்பைத் தாண்டி வெளியே போய்விட்டது. கியூபெக் இருண்ட நேரத்தில் எங்கள் தாளில் இருந்ததோ ஒரு சிறு துள்ளல்தான். அந்தத் துள்ளலின் பொருள் பல மாதம் கழித்தே எனக்குப் புரிந்தது.

அதற்கு முன்பே நானும் ஒரு தப்பு செய்தேன். ஒரு இரவின் பதிவில், அமைதியான நாளென்று எல்லோரும் நினைத்திருந்த நாளில், விளக்க முடியாத ஒரு குழிவு விழுந்திருந்தது. மூத்தவர் ஒருவரின் பேச்சைக் கேட்டு, "கருவிக் கோளாறு" என்று பென்சிலால் எழுதி ஒதுக்கினேன். சில வருடம் கழித்து வேறொரு நிலையத்தின் பதிவில் அதே நாள், அதே நிமிடம், அதே குழிவைப் பார்த்தேன். ஓடிப்போய் என் தாளைத் தேடினேன். கட்டோடு செல்லரித்துப் போயிருந்தது.

அன்றிலிருந்து நான் பார்ப்பவரிடமெல்லாம் சொல்வது இதுதான்: ஒரு நாளின் கோட்டைப் பார். தனியாக, முழுதாக, ஒரு மணி நேரமாவது பார். அகசோபு 1964இல் துணைப்புயலின் படிநிலைகளை எழுதியது, சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டில் முழுவானக் கேமராக்கள் எடுத்த துருவ ஒளிப் படங்களை இரவு இரவாகப் பார்த்துத்தான். 1859 செப்டம்பர் புயலுக்கு நம்மிடம் இருக்கும் பெரிய சான்று எது? பம்பாய் கொலாபா கூடத்தில் ஆட்கள் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிய எண்கள். ஒரே நிலையம், ஒரே நாள், ஏறத்தாழ 1600 நானோடெஸ்லா சரிவு. உன் முறைப்படி போனால் அதுவும் "விலகல்" என்று அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். 2003இல் அந்தப் பழைய பதிவைத் திறந்து பார்த்து எழுதியவர்களில் நம் லக்கினாவும் சோபனா அலெக்சும் இருந்தார்கள்.

2001 மார்ச்சில் லோனாவாலாவில் சாப்மன் மாநாடு நடந்தது. புயலுக்கும் துணைப்புயலுக்கும் என்ன உறவு என்பது ஒன்றே பொருள். நீ அப்போது பள்ளிக்கூடம்கூடப் போயிருக்க மாட்டாய். சூரியனிலிருந்து வரும் காந்த மேகங்கள் எழுப்பும் சில புயல்களில் துணைப்புயலின் விரிவுக் கட்டம் தென்படுவதில்லை என்று ஒரு கட்டுரை அந்த மாநாட்டுத் தொகுப்பிலேயே இருக்கிறது. அதாவது, உன்னுடைய 41ஆம் எண் புயலுக்கு அண்ணன் தம்பிகள் உண்டு. மாநாடு கலைந்து இரண்டே வாரத்தில், மார்ச் 31 அன்று, –387 நானோடெஸ்லா அளவுக்கு ஒரு பெரும்புயல் வந்தது. ஒரு மாதம் தள்ளி மாநாட்டை வைத்திருக்கலாமே என்று எனக்கு இன்றைக்கும் ஆதங்கம் உண்டு.

ஆனால் அவசரப்பட்டு எதிர்ப்பக்கம் சாய்ந்துவிடாதே. துணைப்புயல் இல்லை என்று நீ முடிவு செய்தது ஏஇ குறியீட்டை வைத்து. அதற்கு எண் கொடுப்பவை துருவ ஒளி வளையத்தின் கீழுள்ள 12 நிலையங்கள். பெரும்புயலில் அந்த வளையமே தெற்கே நகர்ந்து, நிலையங்களை விட்டு விலகிப் போய்விடும். மழை பக்கத்து ஊரில் கொட்ட, இங்கே மழைமானி காய்ந்து நிற்பது போல. ஆகவே இரவுப் பக்கத்துத் தாழ் அட்சரேகை நிலையங்களில் பை-2 துடிப்புகள் இருக்கின்றனவா என்று பார். 40 முதல் 150 விநாடி வரை அலைவுநேரம் கொண்ட துடிப்புகள். துணைப்புயல் தொடங்கியிருந்தால் அவை காட்டிக்கொடுக்கும். அலிபாக் பதிவையும் சேர்த்துக்கொள். நீ எடுத்துக்கொண்ட திருநெல்வேலிப் பதிவு மட்டும் போதாது. பகலில் அங்கே நிலநடுக்கோட்டு மின்னோடை எல்லாவற்றையும் மூடிவிடும்.

திருநெல்வேலி என்றதும் சொல்ல வேண்டியது ஒன்று. உன் நான்காம் படம், அந்த ஒரு விநாடி இடைவெளிப் பதிவு, அபாரம். இரைச்சலைக் களைந்த விதமும், நேரக் குறியைச் சரிபார்த்த விதமும், துடிப்பின் முதல் அசைவை நீ பிடித்த இடமும்! இருபது நிமிடம் அந்தப் பக்கத்தைத் திருப்பாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். நாற்பது வருடத்தில் இவ்வளவு நேர்மையாக வரைந்த காந்தப் பதிவை விரல்விட்டு எண்ணுமளவுக்கே பார்த்திருக்கிறேன். இப்படிப் பார்க்கத் தெரிந்த கண் சராசரிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டதே என்பதுதான் என் வருத்தம் முழுவதும்.

61 புயல்களையும் பின்னிணைப்பில் போடு. மாநாட்டில் உனக்குத் தருகிற பதினைந்து நிமிடமும் 41ஆம் எண் புயலைப் பற்றியே பேசு. இன்னும் ஆறு வாரம் இருக்கிறது. அந்த இரவின் ஒரு விநாடிப் பதிவை, எதையும் களையாமல், எதையும் வெட்டாமல், அப்படியே எனக்கு அனுப்பி வை. நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

அன்புடன்,
உன் பேராசிரியரின் பழைய வாத்தியார்