வார்டு எல்லை மாறுகிறதா? கருத்துக் கேட்பு நாளில் கட்சிக்காரர்கள் கவனிக்க

உங்கள் தெரு எந்த வார்டில் வரும், உங்கள் ஊராட்சி எந்தச் சட்டமன்றத் தொகுதியில் சேரும் என்று வரைவு போட்டுவிட்டு, "ஆட்சேபணை இருந்தால் சொல்லுங்கள்" என்று மறுவரையறை ஆணையம் பொதுமக்களைக் கூப்பிடும். அன்றைக்கு மண்டபத்துக்குப் போய்ப் பாருங்கள். கிளைச் செயலாளர், வட்டச் செயலாளர், முன்னாள் கவுன்சிலர், பூத் ஏஜெண்ட் என்று கட்சிக்காரர்கள்தான் நிறையப் பேர் இருப்பார்கள். அதில் தப்பே இல்லை. வாக்காளர் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கியவர்களுக்குத்தான் எந்தச் சந்து எங்கே முடிகிறது என்று தெரியும்.

ஆனால் மைக் கைக்கு வந்ததும் பலர் அந்தச் சந்தை விட்டுவிட்டு, "எங்கள் கட்சியை ஒழிக்கத்தான் இப்படிக் கோடு போட்டிருக்கிறார்கள்" என்று பேசுகிறார்கள். அது உண்மையாகவே இருந்தாலும் அந்த வாதத்தை எழுதிக்கொள்ள ஆணையத்திடம் ஒரு கட்டம் கிடையாது.

சட்டத்தில் இருக்கிற கட்டங்கள் எவை? சட்டமன்ற, நாடாளுமன்றத் தொகுதிகளுக்கு மறுவரையறைச் சட்டம், 2002-ன் 9-ஆவது பிரிவைப் பாருங்கள். தொகுதி முடிந்தவரை கச்சிதமான நிலப்பரப்பாக இருக்க வேண்டும். ஆறு, மலை போன்ற இயற்கை அமைப்பு, ஏற்கெனவே உள்ள நிர்வாக எல்லைகள், போக்குவரத்து வசதி, பொதுமக்களின் சௌகரியம் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு சட்டமன்றத் தொகுதி முழுசாக ஒரே நாடாளுமன்றத் தொகுதிக்குள் இருக்க வேண்டும். உங்கள் ஆட்சேபணை இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் நிற்கும்.

ஒரு உதாரணம். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் இருக்கிற நான்கு தெருக்களை இந்தப் பக்கத்து வார்டில் சேர்த்திருக்கிறார்கள் என்று வையுங்கள். "எங்களுக்கு இது வேண்டாம்" என்பது மனு ஆகாது. கடக்க ஒரே ஒரு கேட்தான் இருக்கிறது, ரேஷன் கடையும் பள்ளிக்கூடமும் அந்தப் பக்கமே இருக்கின்றன, வருவாய் கிராமத்தின் எல்லையும் அந்தத் தண்டவாளமேதான் என்று எழுதி, வரைபடத்தில் சிவப்பு மையில் வட்டம் போட்டுக் கொடுத்தால் அது மனு.

இன்னொன்று, பெரும்பாலான மனுக்கள் அடிபடுகிற இடம் இதுதான். அந்த நான்கு தெருக்களை எடுத்துவிட்டால் இந்த வார்டின் மக்கள்தொகை குறையும், பக்கத்து வார்டில் கூடும். ஆணையம் உடனே கேட்கும்: அப்புறம் எதைக் கொண்டுவந்து நிரப்புவது? அதற்குப் பதிலும் உங்கள் மனுவிலேயே இருக்கட்டும். எடுக்கச் சொல்வது எவ்வளவு மக்கள், ஈடாகச் சேர்க்கச் சொல்வது எந்தத் தெரு, இரண்டு வார்டும் கடைசியில் எவ்வளவில் நிற்கும் என்ற கூட்டல் கழித்தலையும் போட்டுக் கொடுங்கள். இதைச் செய்கிறவர்கள் குறைவு, அதனாலேயே இது எடுபடும்.

கணக்குப் போடும்போது எந்த ஆண்டு மக்கள்தொகை என்பதையும் பாருங்கள். 2008-ல் நடைமுறைக்கு வந்த தொகுதி எல்லைகளுக்கு 2001 கணக்கெடுப்புதான் அடிப்படை. 2023-ல் அசாமில் நடந்த மறுவரையறைக்கும் அதே 2001-தான். "இப்போ எங்க ஏரியாவில் அபார்ட்மெண்டா வந்துடுச்சு" என்பது கண்ணுக்குத் தெரிகிற உண்மை, ஆனால் அந்தக் கணக்கில் ஏறாது.

பேசினால் ஏதாவது மாறுமா என்று கேட்பீர்கள். ஜம்மு காஷ்மீரில் 2022 மார்ச்சில் வரைவு வெளியானது, ஏப்ரலில் பொது அமர்வுகள் நடந்தன, மே 5-ஆம் தேதி இறுதி உத்தரவு வந்தது. நடுவில் ஸ்ரீகுஃப்வாரா வட்டம் பஹல்காம் தொகுதியிலிருந்து பிஜ்பெஹாராவுக்குப் போனது. தங்மார்க் என்றிருந்த தொகுதி குல்மார்க் ஆனது. அசாமில் 2023 ஜூலையில் குவாஹாட்டியில் மூன்று நாள் அமர்வு நடந்தது. 20-க்கும் மேற்பட்ட அரசியல் கட்சிகளும் 1,200-க்கும் மேற்பட்ட மனுக்களும் கேட்கப்பட்டன. அதன் பிறகு சில தொகுதிகளின் பெயர்கள் மாறின. மொத்த வரைபடம் தலைகீழாகாது. ஒரு வட்டம், ஒரு ஊர், ஒரு பெயர் மாறும், அந்த ஊர்க்காரருக்கு அது பெரிய விஷயம்.

கட்சிக்காரர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ஆணையத்தில் ஒரு மாநிலத்துக்கு ஐந்து எம்.பி.க்களும் ஐந்து எம்.எல்.ஏ.க்களும் இணை உறுப்பினர்களாக இருப்பார்கள். அவர்களுக்கு ஓட்டுரிமை இல்லை. ஆனால் மாற்றுக் கருத்து இருந்தால், அவர்கள் விரும்பினால், அதுவும் வரைவோடு சேர்ந்து வெளியாகும். வரைவு வருவதற்கு முன்பே உங்கள் ஊர் விவரத்தை அவர்களிடம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுங்கள்.

உள்ளாட்சி வார்டுகளுக்குச் சட்டம் வேறு. தமிழ்நாட்டில் 2017-ல் தனிச் சட்டம் வந்து, மாநிலத் தேர்தல் ஆணையர் தலைமையில் மறுவரையறை ஆணையம் அமைந்தது. 2011 கணக்கெடுப்பை வைத்து டிசம்பர் கடைசியில் வரைவு வார்டுகள் வெளியாயின. வார்டு எல்லை ஒன்று, அந்த வார்டு பெண்களுக்கா பட்டியல் இனத்தவருக்கா பொதுவா என்பது இன்னொன்று. இட ஒதுக்கீட்டுக்குத் தனி அரசாணை வரும். எல்லைக் கூட்டத்தில் போய் இட ஒதுக்கீட்டைப் பற்றிப் பேசினால் கிடைத்த நேரம் வீணாகிவிடும்.

பிறகு பார்த்துக்கொள்ளலாம், கோர்ட்டுக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். தொகுதி எல்லை உத்தரவு அரசிதழில் வந்துவிட்டால் சட்டத்துக்குச் சமம், எந்த நீதிமன்றத்திலும் கேள்வி கேட்க முடியாது என்கிறது 2002 சட்டத்தின் 10-ஆவது பிரிவு. உள்ளாட்சிக்கும் அரசியலமைப்பின் 243ஓ, 243இசட்ஜி பிரிவுகள் கிட்டத்தட்ட அதையே சொல்கின்றன. அரிதான விவகாரங்களில் நீதிமன்றம் தலையிட்டாலும், உங்கள் நான்கு தெருவுக்காக அது நடக்கும் என்று நம்பி உட்கார முடியாது. சொல்வதற்கு உள்ள இடம் அந்த மண்டபம்தான்.

கட்சிப் பொறுப்பை மறைக்க வேண்டாம். பெயர், பொறுப்பு, குடியிருக்கும் தெரு மூன்றையும் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள். முடிந்தால் எதிர்க்கட்சிக் கிளைச் செயலாளரிடமும் அதே மனுவில் கையெழுத்து வாங்குங்கள். டீக்கடையில் சண்டை போடுகிற இருவர் ஒரே கோட்டை மாற்றச் சொன்னால், அது ஓட்டுக்கணக்கு அல்ல என்று அதிகாரிக்குச் சொல்லாமலே புரியும்.

மனுவை அறிவிக்கப்பட்ட கடைசி நாளுக்குள் எழுத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். தலைவர்களுக்கு வணக்கம் சொல்வதில் அது கரைய வேண்டாம், முதல் வாக்கியத்திலேயே வார்டு எண்ணையும் தெருப் பெயரையும் சொல்லிவிடுங்கள். வட்டம் போட்ட வரைபடத்தின் நகல் ஒன்றை மேசையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.