மகரந்தம் வருமுன்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்பது நம் முன்னோர் மொழி. அது மருத்துவத்திற்கும் பொருந்தும் என்பதற்கு இங்கிலாந்து நாட்டின் 'வைக்கோல் காய்ச்சல்' தக்கதொரு சான்றாகும்.

பெயரில் இருந்தாலும், இந்நோயில் காய்ச்சல் கிடையாது, வைக்கோலும் காரணமன்று. காற்றில் பறக்கும் புல்லின் மகரந்தத் தூளே பெரும்பாலும் காரணம். அந்நாட்டில் மே மாத நடுவிலிருந்து ஜூலை வரை புற்கள் பூக்கின்றன. அப்போது ஒவ்வாமை உள்ளவர்க்குத் தும்மல் அடுக்கடுக்காக வரும், மூக்கு ஒழுகும், கண் அரிக்கும், இரவில் உறக்கம் கெடும். பள்ளி இறுதித் தேர்வுகள் நடைபெறுவதும் அதே மே, ஜூன் மாதங்களில்தான். இந்நோயுள்ள மாணவர்கள் குளிர்கால மாதிரித் தேர்வில் பெற்ற தரத்திலிருந்து இறுதித் தேர்வில் இறங்கிவிடும் வாய்ப்பு மற்றவர்களைவிட மிகுதி என 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டிற்று. ஆகவே, 'வெறும் தும்மல்தானே' என்று இதனைத் தள்ளிவிட இயலாது.

மாத்திரையும் மூக்கில் தெளிக்கும் மருந்தும் பலருக்குப் போதும். அவற்றால் அடங்காதவர்க்கே தடுப்பாற்றல் சிகிச்சை. 1911-இல் லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனையைச் சேர்ந்த லெனார்டு நூன் என்பவர், புல் மகரந்தச் சாற்றை மிகச் சிறு அளவில் ஊசி மூலம் செலுத்தி, அளவைப் படிப்படியாக உயர்த்தினார். மகரந்தத்தில் நஞ்சு உள்ளது என அவர் கருதியது பிழை. ஆயினும் அவர் கண்ட வழி நிலைத்தது. அவருடைய பணியை ஜான் ஃப்ரீமன் தொடர்ந்தார்.

இனி, இச்சிகிச்சையை எப்போது தொடங்குவது என்பதைக் காண்போம். ஒவ்வாமைக்குக் காரணமான 'ஐஜிஇ' என்னும் எதிர்ப்பொருளின் செயலைத் தடுக்கும் 'ஐஜிஜி4' என்னும் பொருளை உடல் உண்டாக்கப் பல வாரங்கள் ஆகும். பூக்கும் பருவத்திலோ மூக்கு ஏற்கெனவே புண்பட்டிருக்கும். சுவாசிக்கும் மகரந்தமும் மருந்தோடு சேர்ந்துகொள்ளும். தீய விளைவுக்கு இடமுண்டு. எனவே பருவத்திற்கு முன்பே தொடங்குதல் பொது விதி. நாவின் அடியில் வைக்கும் புல் மகரந்த மாத்திரையை ஏறத்தாழ நான்கு மாதங்களுக்கு முன், அதாவது ஜனவரியிலேயே தொடங்குவது நன்று. ஊசி மருந்தாயின், அதன் வகைக்கேற்ப இலையுதிர் காலத்திலோ குளிர்காலத்திலோ தொடங்குவர்.

தொடங்கலாகாத காலமும் உண்டு. ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதபோதும், கருவுற்றிருக்கும்போதும் புதிதாகத் தொடங்குவதில்லை. ஊசியால் உயிரிழப்புகளும் நேர்ந்தமையால், 1986-இல் பிரிட்டனில் இச்சிகிச்சைக்குக் கடுமையான கட்டுப்பாடுகள் விதிக்கப்பட்டன. ஆகையால் ஒவ்வொரு முறையும் ஊசி போட்ட பின் நோயாளியை மருத்துவர் கண்காணிப்பில் காத்திருக்கச் செய்கின்றனர்.

தொடங்கினால் மட்டும் போதாது. மூன்று ஆண்டுகள் தொடர வேண்டும். மூன்று, நான்கு ஆண்டுகள் ஊசி பெற்றவர்க்கு, நிறுத்திய பின்னும் பயன் நீடித்ததை 1999-இல் ஓர் ஆய்வு மெய்ப்பித்தது. இரண்டே ஆண்டுகளில் நிறுத்தியவர்க்கு அப்பயன் நிலைக்கவில்லை என்பதை 2017-இல் மற்றோர் ஆய்வு உணர்த்திற்று.

இதில் ஓர் இடர்ப்பாடு மனித இயல்பிலேயே உள்ளது. ஜூன் மாதத்தில் தும்முகிறவன் அன்றே மருந்து கேட்கிறான். அப்போது காலம் கடந்துவிட்டது. ஜனவரியில் அவனுக்கு நோய் இல்லை. ஆகவே நினைவும் இல்லை. துன்பம் நீங்கியதும் அதை மறப்பது மனித இயல்பு. கோடையில் பட்ட துன்பத்தை நாள்வாரியாகக் குறித்து வைத்து, பருவம் முடிந்தவுடன் மருத்துவரை அணுகி, எந்த மகரந்தம் காரணம் என்பதைத் தோல் சோதனையால் அறிந்து, குளிர்காலத்தில் தொடங்குபவனே அடுத்த தேர்வை அமைதியாக எழுதுவான். நோயற்ற நாளில் நோயை எண்ணிப் பார்ப்பதே இச்சிகிச்சையின் முதற்படி என அறிக.