அடக்கம் வேறு, அடங்கிப்போவது வேறு

ரேங்க் கார்டில் குறிப்பு எழுத உட்கார்ந்துவிட்டாய். அதிகம் பேசாத பிள்ளைகளுக்கெல்லாம் 'அமைதியானவர்' என்று எழுதிவிட்டு அடுத்த கார்டை எடுக்கத் தோன்றும். கொஞ்சம் பொறு, தங்கச்சி. அதை அம்மா படிப்பார், அப்பா படிப்பார், எல்லாரும் தூங்கின பிறகு அந்தப் பிள்ளையும் எடுத்துப் படிக்கும். ஒருவர் பேசாமல், செய்யாமல், எதிர்க்காமல் இருப்பதற்குத் தமிழில் எத்தனையோ சொற்கள். ஒவ்வொன்றும் அவர் ஏன் அப்படி இருக்கிறார் என்று தீர்ப்புச் சொல்லிவிடும். அதனால் முதலில் காரணத்தைப் பார், பிறகு சொல்லை எடு.

நான் எப்போதும் பார்ப்பது துணைவினையை. 'கோபத்தை அடக்கிக்கொண்டாள்' என்றால் கோபமும் அவளுடையது, அதை அடக்கிய பலமும் அவளுடையது. 'அடங்கிப்போனாள்' என்றால் வெளியிலிருந்து ஏதோ ஒரு கை அவளை அழுத்தியிருக்கிறது. 'ஒதுங்கிக்கொண்டான்', 'ஒதுங்கிப்போனான்' இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார். முதலாமவன் தானே முடிவெடுத்தவன். இரண்டாமவனுக்கு வேறு வழி இருந்திருக்காது. 'கொள்' வரும் இடத்தில் ஆள் இருக்கிறார். 'போ' வரும் இடத்தில் பெரும்பாலும் ஏதோ ஒன்று கைவிட்டுப் போயிருக்கிறது. கடைசி பெஞ்சில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கும் பிள்ளையை 'அடக்கமானவள்' என்று எழுதுமுன், அடக்கிக்கொண்டாளா, அடங்கிப்போனாளா என்று கேட்டுக்கொள். அடங்கிப்போன குழந்தைக்கு நல்ல பிள்ளை என்று சான்றிதழ் கொடுத்தால், அவளை அழுத்தும் கைக்குத்தான் அது பலம்.

பொறுமையும் சகிப்பும் ஒன்றல்ல. பொறுப்பது சுமப்பது, 'பொறுப்பு' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். பொறுமைசாலியால் திருப்பிச் செய்ய முடியும், ஆனால் நேரம் பார்த்து நிற்கிறார். சகிப்பவருக்கு வலிக்கிறது, அதை விழுங்குகிறார். விட்டுக்கொடுப்பதில் இன்னொரு நியாயம் உண்டு: கையில் ஒன்று இருந்தால்தான் கொடுக்க முடியும். எதுவுமே கிடைக்காத பெண்ணைப் பார்த்து 'எவ்வளவு விட்டுக்கொடுக்கிறாள்' என்று சொந்தக்காரர்கள் புகழும்போது எனக்கு மனசு கொதிக்கிறது.

'சாது' என்பதைப் பெண் பார்க்கும் பேச்சோடு விட்டுவிடு. 'வாயில்லாப்பூச்சி' கேட்க இரக்கமாக இருந்தாலும் இருக்கிற வாயையும் பிடுங்கிவிடும். 'மந்தம்' வயிற்றுக்கும் வியாபாரத்துக்கும் சரி, குழந்தைக்கு வேண்டவே வேண்டாம். ஒருமுறை எழுதினால் அடுத்த வகுப்பு டீச்சரும் அந்தக் கண்ணோடுதான் பார்ப்பார்.

பெயர் சரியில்லை என்பதற்காகவே வேறு பெயர் தேடியவர் காந்தி. தென்னாப்பிரிக்காவில் 1906-ல் தொடங்கிய போராட்டத்தை முதலில் 'பாசிவ் ரெசிஸ்டன்ஸ்' (செயலற்ற எதிர்ப்பு) என்றுதான் அழைத்தார்கள். பலவீனர்களின் ஆயுதம் என்ற அர்த்தம் அதில் தொனித்தது அவருக்கு ஒப்பவில்லை. 'இந்தியன் ஒப்பீனியன்' பத்திரிகை வழியாக நல்ல பெயருக்குப் பரிசு அறிவித்தார். மகன்லால் காந்தி 'சதாக்கிரகம்' என்று எழுதி அனுப்ப, அதைத் திருத்திச் 'சத்தியாக்கிரகம்' என்று வைத்தார். அந்தப் போராட்டத்தில் சிறைக்குப் போய், நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரியில் 16 வயதில் இறந்துபோனவர் தில்லையாடி வள்ளியம்மை. அவரைப் பற்றி 'அமைதியான பெண்' என்று எழுதிப் பார், அந்தச் சொல் எவ்வளவு போதாது என்று தெரியும்.

அப்படியானால் கார்டில் என்னதான் எழுதுவது? பண்பை விட்டுவிட்டு, நீ கண்ணால் கண்டதை எழுது. 'கேட்டால்தான் பேசுகிறாள், எழுதும்போது விடை முழுமையாக இருக்கிறது.' 'விளையாட்டில் முன்னே நிற்கிறான், வகுப்பில் கை தூக்கத் தயங்குகிறான்.' இப்படி எழுதினால் பெற்றோருக்கும் அடுத்து என்ன செய்யலாம் என்று ஒரு பிடி கிடைக்கும். 'வீட்டுப்பாடம் செய்யப்படவில்லை' என்று மட்டும் எழுதாதே. செய்ய மனமில்லையா, நோட்டு இல்லையா, வீட்டில் தம்பியைப் பார்த்துக்கொள்ளும் வேலையா, எல்லாமே அந்த 'படவில்லை'க்குள் மறைந்துபோகும். பிள்ளைகள் 'ஸ்கேல் உடைஞ்சிருச்சு மிஸ்' என்பார்கள். உடைத்தவர் இல்லாமலே பொருள் உடைய நம் மொழியில் இடம் உண்டு. அதைப் பொய் என்று சொல்லி அடிக்கப் பாயாதே. 'யார் கையில் இருந்தது?' என்று மெதுவாகக் கேள்.

செய்தவரைச் சொல்லாமல் விடும் அந்தச் சலுகை பெரியவர்களுக்கு வேண்டாம். பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வரவில்லை என்று மனு எழுதப்போவதாகச் சொன்னாயே, அங்கே சொல் கறாராக இருக்கட்டும். வள்ளுவர் பொறையுடைமையை இல்லறவியலில் 16-ஆம் அதிகாரமாக வைத்தார். சோம்பலைக் கண்டிக்கும் மடியின்மையையும், மிதப்பில் கடமையை மறப்பதைக் கண்டிக்கும் பொச்சாவாமையையும் ஆள்பவர்களுக்கான அரசியல் பகுதியில் வைத்தார். அதிகாரத்தில் இருப்பவர் சும்மா இருந்தால் அது வேறு கணக்கு. முதல் மனுவுக்குப் பதில் வரவில்லை என்றால் 'மெத்தனம்' என்று எழுது. தெரியும், செய்யலாம், ஆனால் ஆறப்போடுகிறார்கள் என்று பொருள். நேரில் காட்டிய பிறகும் அசையவில்லை என்றால் 'அலட்சியம்' என்று எழுது. அது குற்றச்சாட்டு, ஆகவே நீ காட்டிய தேதியையும் சேர்த்து எழுது. 'நடவடிக்கை எடுக்கப்படும்' என்று பதில் வந்தால், யார், எந்தத் தேதிக்குள் என்று கேட்டு அன்றைக்கே இன்னொரு கடிதம் போடு.