கல்லுக்குள் கடல்

திருவரங்கத்து இல்லங்கள் பலவற்றின் பூசை மாடத்தில் சாளக்கிராமம் இருக்கும். நேபாளத்துக் கண்டகி ஆற்றில் கிடைக்கும் அக்கருங்கல்லில் சக்கரம்போல் ஒரு சுருள் தெரியும். அது அம்மோனைட் என்னும் கடலுயிரின் ஓடு பதித்த சுவடு. கணவாய்க்கு உறவான அவ்வினம், ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், டைனோசர்கள் அழிந்த காலத்தில் தானும் அற்றுப்போயிற்று. அதே இனத்தின் எச்சங்கள் காவிரிக்கு வடக்கே, நம் அண்டை ஊர்களின் ஓடைகளிலும் ஏரிகளிலும் கிடைக்கின்றன.

எல்லாக் கல்லிலும் தொல்லுயிர் எச்சம் இராது. மலைக்கோட்டைப் பாறையிலோ அரங்கன் கோயில் தூண்களிலோ தேடிப் பயனில்லை. அவை நிலத்தின் ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருவான கற்கள். சேறும் மணலும் சுண்ணாம்பும் படிந்து இறுகிய பாறையே உயிரின் வடிவைக் காக்கும். கிரிட்டேசியக் காலத்தில் ஊட்டத்தூர், காரை, அரியலூர்ப் பகுதிகளைக் கடல் மூடியிருந்தது. அங்குள்ள பாறை அடுக்குகளுக்கு 19ஆம் நூற்றாண்டின் நிலவியலாளர் இட்ட ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என்னும் பெயர்களை உலக நிலவியலார் இன்றும் வழங்குகின்றனர். கருடமங்கலத்துக் கல்லை மெருகேற்றினால் சிப்பிகளும் நத்தைகளும் நெருங்கிக் கிடப்பது தெரியும். ‘திருச்சிராப்பள்ளிப் பளிங்கு’ என்று அது பெயர் பெற்றது. உண்மையில் அது பளிங்கன்று, சுண்ணாம்புக்கல். கல்லக்குடியின் சுண்ணாம்புக்கல்லிலோ பவள உயிர்களின் எச்சங்கள் உள்ளன. அக்கல்லே சிமெண்ட் ஆகிறது. நம் வீட்டுச் சுவரிலும் அப்பழங்கடலின் பங்கு இருக்கக்கூடும்!

சாத்தனூர் ஓடையில் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஒன்று கிடக்கிறது. இந்திய நிலவியல் அளவாய்வுத் துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940இல் அதனைப் பற்றி எழுதினார். கடற்படிவத்தில் மரம் எவ்வாறு வந்தது? கரையில் வளர்ந்த மரம் நீரால் அடித்துவரப்பட்டுக் கடலடியில் புதைந்தது. மரத்தின் வயதை மட்டுமன்றி, கரை அருகில் இருந்ததையும் அது கிடக்கும் இடம் சொல்கிறது.

2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்தில் ஏரியைத் தூர்வாரியபோது பெரிய உருண்டைக் கற்கள் வெளிப்பட்டன. டைனோசர் முட்டைகள் என்று செய்தி பரவியது. ஆய்ந்தறிந்தோர் அதனை மறுத்தனர். இறந்த கடலுயிரைச் சுற்றிச் சேற்றிலுள்ள கனிமங்கள் அடுக்கடுக்காகச் சேர்ந்து உருண்டை ஆவதுண்டு. முட்டை எனக் கருதப்பட்டவை அம்மோனைட்டுகளைச் சூழ்ந்து திரண்ட அத்தகைய கற்களே.

பல்லாண்டுகளுக்கு முன் என் மாணவர் ஒருவர் அழகிய சுருள்கல் ஒன்றைக் கொணர்ந்து என் மேசைமீது வைத்தார். “எங்கே எடுத்தாய்?” என்று கேட்டேன். “நினைவில்லை ஐயா, ஏதோ ஓர் ஓடை” என்றார். எந்த ஓடை, எந்த அடுக்கு, அருகில் வேறென்ன கிடந்தது என்பவை தெரியாமையால் அக்கல் எதனையும் மெய்ப்பிக்கப் பயன்படவில்லை. இன்றும் அது என் மேசையில் தாள் பறவாமல் காக்கும் எடையாகவே இருக்கிறது.