அப்பாருவின் பேரேட்டைப் படிப்பது எப்படி

அன்புள்ள அம்மிணிக்கு,

ஈரோட்டைச் சுற்றியுள்ள ஊர்களில் ஒரு தலைமுறை இருக்கிறது. இளவயதில் ஏர் பிடித்து மஞ்சள் வெள்ளாமை செய்து, கையில் நாலு காசு சேர்ந்ததும் டவுனில் ஒரு கமிஷன் மண்டி வைத்து, வயதான பிறகு தோட்டத்தையும் மண்டியையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்ட தலைமுறை. உன் அப்பாருவும் அதைச் சேர்ந்தவர்தான். அவருடைய உழைப்புக் காலத்தை எழுதி வைக்க வேண்டும் என்று நீ நினைப்பது எனக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் இப்படி எழுத உட்காரும் பேரப்பிள்ளைகள் பெரும்பாலும் தோட்டத்தைப் பற்றிப் பத்துப் பக்கமும் மண்டியைப் பற்றிப் பத்து வரியும் எழுதி முடித்துவிடுகிறார்கள். உழவு உயர்ந்தது, வியாபாரம் கொஞ்சம் மறைத்துச் சொல்ல வேண்டியது என்ற எண்ணம் நம் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. அதற்கு நீ இடம் கொடுக்கக் கூடாது. மஞ்சள்காரரின் அறிவில் பாதி, கிழங்கை வெட்டி எடுத்த பிறகுதான் வேலை செய்யத் தொடங்குகிறது. மண்டியை விட்டுவிட்டு எழுதினால் அந்த அறிவு உன் எழுத்தில் வரவே வராது.

பயிரின் போக்கைப் பார்த்தாலே இது விளங்கும். வைகாசி, ஆனியில் ஊன்றினால் தை, மாசியில்தான் வெட்டு. ஏக்கருக்கு 800 முதல் 1,000 கிலோ வரை விதைக் கிழங்கே வேண்டும். அத்தனை மாதமும் நிலத்தில் ஈரம் இருக்க வேண்டும். காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் நிலைத்ததற்கு இதுவே காரணம். 1955-இல் கட்டி முடித்த பவானிசாகர் அணையிலிருந்து கீழ்பவானி வாய்க்கால் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாய்கிறது என்றாலும், அதில் முறை வைத்துத்தான் தண்ணீர் விடுவார்கள். ஆயக்கட்டின் ஒரு பாதிக்கு ஆடி, ஆவணி தொடங்கி நெல்லுக்கு, மறுபாதிக்கு மார்கழி தொடங்கிப் புன்செய்ப் பயிருக்கு, அடுத்த ஆண்டு இரண்டும் இடம் மாறும். பத்து மாதம் நிற்கிற பயிருக்கு அது போதாது. வாய்க்கால் கசிவில் ஊறும் கிணறும் அதில் ஒரு மோட்டாரும் வேண்டும். 1970களில் சி. நாராயணசாமி நாயுடு தலைமையில் விவசாயிகள் மின் கட்டணக் குறைப்புக்காக அப்படிப் போராடியதன் அருமை, இந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்குத்தான் புரியும். கிழங்கை வெட்டிய பின்பும் வேலை ஓயாது. கொப்பரையில் வேகவைத்து, பத்துப் பதினைந்து நாள் களத்தில் காயப்போட்டு, தேய்த்து மெருகு ஏற்ற வேண்டும். 100 கிலோ பச்சை மஞ்சள் அப்போது 20, 25 கிலோவாகச் சுண்டிவிடும். இதுவரைக்கும் எல்லாமே பற்றுதான். வரவுப் பக்கத்தில் ஒரு ரூபாயும் ஏறியிருக்காது. இதற்குப் பிறகுதான் கடினமான கேள்வி வருகிறது: இப்போதே விற்பதா, வைத்திருப்பதா?

தக்காளி போட்டவருக்கு இந்தக் கேள்வியே எழாது. பறித்த சரக்கு அழுகுவதற்குள் வந்த விலைக்குத் தள்ளியாக வேண்டும். நன்றாகக் காய்ந்த மஞ்சளோ கிடங்கில் ஆண்டுக் கணக்கில் தாங்கும். அதனால் மஞ்சள் பயிரிடுகிற ஒவ்வொருவரும், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், களத்தில் சரக்கு காய்ந்த அன்றே வியாபாரியாகிவிடுகிறார். அதில் என்ன பெரிதாக இருக்கிறது என்று கேட்பாய். 2010-இல் மஞ்சள் விலை குவிண்டால் 15,000 ரூபாயைத் தாண்டியது. அதைப் பார்த்துப் பலரும் மஞ்சள் ஊன்றினார்கள். 2012 தொடங்கும்போது விலை 4,000 ரூபாய் அளவுக்குச் சரிந்து கிடந்தது. எவ்வளவு எருவிட்டாலும் ஒரே ஆண்டில் விளைச்சலை நான்கு மடங்காக்க யாராலும் முடியாது. விலை மட்டும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்காக இறங்கியது. பத்து மாத உழைப்பின் பலன் விற்கிற நாளைப் பொறுத்து நிற்கிறது என்றால், அந்த நாளைத் தேர்ந்தெடுக்கும் அறிவை உழவிலிருந்து எப்படிப் பிரிப்பது?

‘அது அறிவில்லை, அதிர்ஷ்டம்’ என்று சிலர் சொல்வார்கள். விலை எங்கே போகும் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது என்பது மெய்தான். ஆனால் தேர்ந்த மஞ்சள்காரர் விலையைக் கணித்து எல்லாவற்றையும் ஒரே நாளில் பணயம் வைப்பவரில்லை. கூலி, எருக் கடன், வீட்டுச் செலவு இவற்றுக்கு வேண்டிய மூட்டைகளை முதலில் விற்றுவிட்டு, தாங்கக்கூடிய அளவை மட்டும் வைத்திருப்பார். எந்தச் சரக்கு வைப்புக்கு ஆகும் என்பதும் அவருக்குத் தெரிந்தாக வேண்டும். விரல் போல நீண்ட விரலியைத் தனியே, உருண்டைக் கிழங்கைத் தனியே பிரிப்பது, ஒடித்துப் பார்த்து ஓசையில் காய்ச்சலை அறிவது, உடைந்த இடத்து நிறத்தைப் பார்ப்பது, வண்டு துளைத்த சரக்கை ஒதுக்குவது, இவற்றில் எதுவும் அதிர்ஷ்டத்தால் வருவதில்லை. அரைவேக்காட்டுச் சரக்கை வைத்தவருக்கு விலை ஏறினாலும் பயனில்லை.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கமிஷன் மண்டி என்றாலே விவசாயியைச் சுரண்டும் இடம், அதை ஏன் கொண்டாட வேண்டும் என்பது அது. இந்தக் குற்றச்சாட்டை நீ தட்டிக் கழிக்கக் கூடாது. துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்து, விற்பவருக்கே விளங்காதபடி விலை பேசிய சந்தைகள் நம் நாட்டில் இருந்தன. மாதிரி என்று ஒரு கை, கழிவு என்று ஒரு கை, எடைக்கூலி, மகமை என்று பிடித்தம் மேல் பிடித்தம் போட்டார்கள். 1928-இல் அறிக்கை தந்த அரச வேளாண்மை ஆணையம் ஒழுங்குபடுத்திய சந்தைகள் வேண்டும் என்று பரிந்துரைத்தது. சென்னை மாகாணம் 1933-இல் வணிகப் பயிர்ச் சந்தைச் சட்டம் கொண்டுவந்தது. அதன்படி 1936-இல் திருப்பூரில் பருத்திக்குச் சந்தை அமைந்தது. குறை இல்லாத இடத்தில் சட்டம் பிறக்காது. ஆயினும் இத்தனைக்கும் பிறகு மண்டிகள் ஏன் மறையவில்லை என்ற கேள்வி நிற்கிறது. 1951-52-இல் நடந்த அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வில், விவசாயிகள் வாங்கிய கடனில் அரசு தந்தது 3.3 விழுக்காடு, கூட்டுறவுச் சங்கங்கள் 3.1, வணிக வங்கிகள் 0.9. மூன்றையும் கூட்டினால் எட்டுகூட வரவில்லை. வட்டிக்காரர்கள் கொடுத்ததே பெரும்பங்கு. வியாபாரிகளும் கமிஷன் ஏஜென்டுகளும் கொடுத்தது 5.5 என்ற அளவில்தான். பங்கு சிறியதுதான். ஆனாலும் மஞ்சள் போன்ற நீண்ட பயிருக்கு அந்த முன்பணத்தின் பொருள் வேறு. விளைச்சலையே பிணையாகக் கொண்டு, வெட்டுக் கூலிக்கும் வேகவைக்கும் செலவுக்கும் நடுப் பருவத்தில் பணம் கொடுத்து, பிறகு சரக்கைக் கிடங்கில் ஏற்றி, வெளியூர் வியாபாரி பணம் தரத் தாமதித்தாலும் விவசாயிக்குச் சொன்ன தேதியில் கொடுக்க ஓர் ஆள் வேண்டியிருந்தது. நல்ல மண்டிக்காரர் அதைச் செய்தார்; கெட்டவர் அதையே தூண்டிலாக்கினார். எல்லா மண்டிக்காரரையும் ஒரே கூடையில் போட்டுத் திட்டுவதும் தப்பு, உன் அப்பாரு என்பதால் விசாரிக்காமல் போற்றுவதும் தப்பு. பேரேடு இருக்கிறது, அதைப் பார்த்துச் சொல்.

இன்று ஒழுங்குமுறை விற்பனைக் கூடம் இருக்கிறது. மறைமுக ஏலத்தில் வியாபாரிகள் எழுதிப் போட்ட விலைகளில் உயர்ந்தது விவசாயிக்குக் கிடைக்கிறது. 1 விழுக்காட்டுச் சந்தைக் கட்டணத்தையும் வாங்குபவரே கட்டுகிறார். 2016-இல் தேசிய மின்னணு வேளாண் சந்தை வந்தது, விலை கைப்பேசியிலேயே தெரிகிறது. இனி அந்தப் பழைய அறிவு எதற்கு என்று உன் வயதுக்காரர்கள் கேட்கிறார்கள். விலை எல்லோருக்கும் ஒரே நொடியில் தெரிவதால், அது தெரிந்திருப்பது மட்டும் யாருக்கும் அனுகூலமாவதில்லை. உன் சரக்கு அந்த விலைக்குத் தகுமா, எத்தனை மூட்டையை இன்று விடுவது, கிடங்கு வாடகையும் கடன் வட்டியும் சேர்ந்து காத்திருப்பின் லாபத்தைத் தின்றுவிடுமா என்பதைக் கைப்பேசி சொல்லாது. 2010-இல் விலை பல கைப்பேசிகளில் தெரிந்துதான் இருந்தது. அந்த உயரத்தைப் பார்த்துப் பரப்பைக் கூட்டியவர்களை அது காப்பாற்றவில்லை.

ஆகவே முதலில் சிட்டையையும் பேரேட்டையும் கேட்டு வாங்கு. மிகப் பழைய பக்கங்கள் மணங்கிலும் வீசையிலும் இருக்கும்: 40 பலம் 1 வீசை, 8 வீசை 1 மணங்கு, ஏறத்தாழ பதினொன்றேகால் கிலோ. 1956-இன் எடையளவுச் சட்டத்துக்குப் பிறகு, 1960களின் தொடக்கத்தில் கிலோவுக்கு மாறியிருப்பார்கள். இதைக் கவனிக்காவிட்டால் இரண்டு காலத்து விலையையும் தப்பாக ஒப்பிடுவாய். ஒரு விவசாயியின் பெயரைப் பிடித்துக்கொண்டு பத்து ஆண்டுக்கு அவர் கணக்கைத் தொடர்ந்து பார். முன்பணம் எந்த மாதம் போயிருக்கிறது, வட்டி எவ்வளவு, பிடித்தம் என்னென்ன, சரக்கு விற்ற தேதிக்கும் பணம் கொடுத்த தேதிக்கும் எத்தனை நாள் இடைவெளி, மஞ்சள் பொய்த்த ஆண்டில் கடனை நெருக்கினாரா, தள்ளிப் போட்டாரா என்று குறித்துக்கொள். அப்பாருவின் சொந்தத் தோட்டக் கணக்கையும் அதே கண்ணோடு பார். பிறருடைய சரக்கை விற்ற நாளும் தன் சரக்கை விற்ற நாளும் எவ்வளவு விலகியிருக்கின்றன என்பது அவருடைய நேர்மைக்கு நல்ல அளவுகோல். பேரேட்டில் கிடைக்காதவையும் உண்டு. மஞ்சள் வெட்டி, விரலி வேறு கிழங்கு வேறாகப் பிரித்த பெண்கள் ‘ஆள் கூலி’ என்ற ஒரே வரியில் அடங்கியிருப்பார்கள். கொப்பரையடியில் நின்றவர்களுக்கும் மூட்டை சுமந்தவர்களுக்கும் பெயர் இருக்காது. உன் ஆத்தா களத்தில் காவல் இருந்த இரவுகளுக்குக் கூலியே எழுதியிருக்க மாட்டார்கள். அவர்களில் சிலர் ஊரில் இன்னும் இருப்பார்கள். அப்பாருவிடம் கேட்கும் முன் அவர்களிடம் போய்க் கேள். அவர் சொல்வதைச் சரிபார்க்க அது உதவும்.

அன்புடன்.