கரண்ட் பில்லில் ஒரு 1.6 விழுக்காடு

வீட்டுக் கரண்ட் பில்லை எடுத்துப் பாருங்க நண்பர்களே. மாதம் 300 யூனிட்டுக்கு மேல் போகிற வீடென்றால், கே.டபள்யூ.டி.பி.பி. என்று 1.6 விழுக்காடு பிடித்திருப்பார்கள். அதுதான் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி நிதி. எங்கப்பா இத்தனை நாளும் அதை ஏதோ அபராதம் என்றே நினைத்திருந்தார்!

2001-இல் அரசு சிறு மின்நிலையத் திட்டம் ஒன்றைக் கொண்டு வந்தது. செம்பனைக் கழிவு, சிற்றாறு போன்றவற்றிலிருந்து 2005-க்குள் நாட்டின் மின்சாரத்தில் 5 விழுக்காடு எடுக்கணும். ஏறக்குறைய 500 மெகாவாட். கிடைத்ததோ 12 மெகாவாட்தான். நம்ம நாட்டில் வெறுங்குலைக்கா பஞ்சம்? தோட்டப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், ஆலைக்கு வெளியே மலைபோல் குவிந்து கிடக்கும். சிக்கல் விலையில் இருந்தது. யூனிட்டுக்கு 17 காசுக்கு மேல் கிடையாது. அதையும் மின்சார நிறுவனத்திடம் பேரம் பேசித்தான் வாங்கணும். எதிரே மானிய விலை எரிவாயு. எந்த வங்கி துணிந்து கடன் கொடுக்கும்?

2011 சட்டம் பேரத்தை எடுத்துவிட்டு விலையை எழுதியே வைத்தது. உயிர்க்கழிவுக்கு 16 ஆண்டு, சூரிய ஒளிக்கு 21 ஆண்டு. கூடுதல் செலவை அந்த நிதி ஏற்கிறது. சிறு குடும்பங்களுக்கு விலக்கு கொடுத்தது நியாயம்தான். ஆனால் நிதி எவ்வளவோ, கோட்டாவும் அவ்வளவே.

கூரை சோலாரிலும் இதே கதை. 2016-இல் மிச்ச மின்சாரத்தைக் குறைந்த விலைக்கு எடுத்தார்கள், ஆள் சேரவில்லை. 2019-இல் ஒரு யூனிட்டுக்கு ஒரு யூனிட் கழிவு என்றதும், 500 மெகாவாட் கோட்டா இரண்டே ஆண்டில் தீர்ந்துபோனது.