வயதும் எலும்பின் அமைப்பும்

எலும்பு ஒருமுறை உருவானபின் மாறுதலின்றி நிற்கும் கற்றூண் போன்றது என்று பலரும் எண்ணுவர். பிராணிகளைக் கொண்டு செய்த பரிசோதனைகள் இவ்வெண்ணம் தவறென விளக்குகின்றன.

1727-ம் ஆண்டில் வெளியான நூலில், இங்கிலாந்து தேசத்து ஸ்டீபன் ஹேல்ஸ், கோழிக்குஞ்சின் கால் எலும்பில் தாம் இரு துளைகள் இட்டதைக் கூறினார். எலும்பு நீண்ட பின்னும் துளைகளின் இடைவெளி மாறவில்லை. ஆகவே, எலும்பு முனைகளிலேயே நீளுகிறது என்பது புலனாயிற்று. 1736-ல் ஜான் பெல்ச்சியர், மஞ்சிட்டி இனத்துச் சாயவேர் கலந்த தீனியுண்ட பன்றிகளின் எலும்பு சிவந்திருந்ததை அறிவித்தார். பின்னர் பிரான்சு தேசத்து டூஹமெல், அவ்வேரைச் சில காலம் கொடுத்தும் சில காலம் நிறுத்தியும் பார்த்தார். எலும்பில் சிவப்பும் வெண்மையுமாக அடுக்குகள் காணப்பட்டன. மரம் ஆண்டு வளையங்களால் பருப்பதுபோல் எலும்பும் அடுக்கடுக்காகப் பருக்கிறது என்பது இதனால் தெளிவாயிற்று.

வளர்ச்சிக்குப் பின் தேய்வும் உண்டு. இக்காலத்து ஆராய்ச்சிச்சாலைகளில் பெரிதும் வளர்க்கப்படும் ஒருவகைக் கறுப்புச் சுண்டெலியில், நீண்ட எலும்புகளின் முனைகளிலுள்ள கடற்பஞ்சு போன்ற பகுதி, பிறந்த 6 முதல் 8 வாரங்களில் மிகுதியாக இருந்து, பின் படிப்படியாகக் குறைகிறது. எலும்பின் நடுவிலுள்ள கெட்டியான சுவரோ மேலும் சில மாதங்கள் தடித்து, முதுமையில் உட்புறக் குழல் அகல அகல மெலிகிறது. ஆதலின், இளம் எலியிடம் கண்ட முடிவை முதிர்ந்த பிராணிக்கு அப்படியே பொருத்துதல் கூடாது.

கோழி வளர்ப்போருக்கும் இவ்வுண்மை பயன்படும். முட்டையிடும் பருவம் நெருங்குகையில், பெட்டைக் கோழியின் எலும்புக் குழலினுள் தனியானதோர் எலும்பு உண்டாகிறது. இதுவே ஓட்டிற்கான சுண்ணாம்புச் சத்தின் சேமிப்பு. ஓர் ஓட்டிற்குச் சுமார் 2 கிராம் சுண்ணாம்புச் சத்து வேண்டும். தீனி உண்ணாத இரவில் கோழி இச்சேமிப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும். தீனியில் சுண்ணாம்பு குறைந்தால், உடலைத் தாங்கும் எலும்பும் கரையும். கால்கள் வலுவிழந்து எளிதில் முறியும்.

இதனைத் தவிர்க்க, முட்டையிடத் தொடங்குவதற்குச் சுமார் இரு வாரங்களுக்கு முன்பே தீனியில் சுண்ணாம்பைக் கூட்டுதல் வேண்டும். முட்டையிடும் காலத்தில், பருமனாக உடைத்த கிளிஞ்சலைப் பிற்பகலில் வைப்பது நலம். அது மெல்லக் கரைந்து இரவில் உதவும். ஆனால் குஞ்சுகளுக்கு முட்டைக்கோழித் தீனியைக் கொடுத்தலாகாது. மிகுதியான சுண்ணாம்பு அவற்றின் சிறுநீரகங்களைக் கெடுக்கும். வயதறிந்து தீனியிடுதலே எலும்பைக் காக்கும் வழியாகும்.